நாற்பது கிலோ உடம்புக்கு எத்தனை கிலோ ஈயம்?

ஸ்கூபா பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களை எழுதியவர்களில் பலர் ஐந்தடியை ஒட்டிய உயரம், ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எடை, டைவிங்குக்குப் புதியவர்கள். டைவ் சென்டர்களின் வாடகை அலமாரியில் இருப்பதெல்லாம் எழுபது, எண்பது கிலோ ஆளை மனதில் வைத்து வாங்கி அடுக்கியவை. அதற்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு திணறியவர், 'நமக்கு இது வராது போல' என்று ஒதுங்கிவிடுகிறார். ஆகவே இந்த இதழ் முழுக்கச் சிறிய உடல்வாகுக்காரர்களுக்கே.

புதுச்சேரியில் பயிற்சி எடுத்தேன். உயரம் 150 செ.மீ., எடை 43 கிலோ. முதல் கடல் டைவில் எவ்வளவு முயன்றும் இறங்கவே முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்து 8 கிலோ ஈயம் கட்டினார்கள். பிறகு கல் போல விழுந்து தரையில் உட்கார்ந்தேன். 'பயம்தான் காரணம்' என்றார்கள். எனக்கு உண்மையில் எத்தனை கிலோ வேண்டும்?
– வாசகி, கோவை

மிதக்கும் உடம்பையும் கருவிகளையும் தண்ணீருக்குள் இறக்கக் கட்டுவதுதான் ஈயம். அதில் எட்டு மிக அதிகம். 3 மி.மீ. முழுநீள வெட்சூட் (குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடை), வழக்கமான 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், கடல் நீர் என்றால் உங்கள் உடம்புக்கு 3 முதல் 4 கிலோவில் தொடங்கிப் பார்ப்பது நியாயம்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அந்த சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது ஏறக்குறைய 0.7 கிலோ அளவுக்குக் கீழே இழுக்கும். முற்றிலும் காலியானால் 2 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். டைவ் முடியும் நேரத்தில், சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பாராக இருக்கும்போது, தூக்கல் 1.3 கிலோ போல. சின்ன சைஸ் 3 மி.மீ. சூட் ஒன்றரை முதல் இரண்டு கிலோ தூக்கும். பி.சி.டி.யின் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும், சிலிண்டரைத் தாங்கும் ஜாக்கெட்) மெத்தைத் துணி அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் உலோகம், அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கீழே இழுக்கும். மிச்சம் உங்கள் உடம்பு. ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது இந்தக் கடைசிப் பங்குதான். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மூன்று, நான்கு கிலோவுக்குள் வந்து நிற்கும்.

'உடல் எடையில் பத்து சதவீதம்' என்று சிலர் சொல்வார்கள். சிலிண்டரின் ஏற்ற இறக்கம் 43 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒன்றே என்பதை அந்த விதி கண்டுகொள்வதில்லை. அதை விடைத்தாள் ஆக்கிவிடாதீர்கள்.

சரி, 4 கிலோவில் ஏன் இறங்கவில்லை? வழக்கமாக நான்கு காரணங்கள் சேர்ந்து வரும்.

முதலாவது மூச்சு. பதற்றத்தில் இழுக்கிறோம், முழுதாக விடுவதில்லை. நிறைந்த நுரையீரலின் மேலேயே சின்னச் சின்னதாக மூச்சு வாங்கினால், அதுவே ஒன்றரை, இரண்டு கிலோ மிதப்பைத் தக்கவைத்துவிடும்.

இரண்டாவது பி.சி.டி.க்குள் சிக்கிய காற்று. பெரிய சைஸ் போட்டவருக்குத் தோள்பட்டை மேலே ஏறி நிற்கும். காற்றை நிரப்பவும் வெளியேற்றவும் உள்ள இன்ஃப்ளேட்டர் குழாயைப் பாதி தூக்கி பட்டனை அழுத்தினால் பாதிக் காற்றுதான் போகும். குழாயை நேராக மேலே நீட்டி, இடது தோளையும் உயர்த்தி அழுத்த வேண்டும். வலது தோளில் காற்றை வெளியேற்றும் இழுவைக் கயிறு இருந்தால் அதையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

மூன்றாவது கால். நிமிர்ந்து நின்றபடி ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பு) ஆட்டினால் ஒவ்வொரு உதையும் உங்களை மேலேதான் தள்ளும். இறங்கும்போது கணுக்கால்களைப் பின்னிக்கொள்ளுங்கள். நான்காவது உலர்ந்த சூட். தண்ணீரில் குதித்ததும் அதற்குள் காற்று தங்கியிருக்கும். கழுத்தை விரலால் விலக்கித் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்தால் போய்விடும்.

இந்த நான்கையும் ஈயத்தால் சரிக்கட்டினால் விடை எட்டுக் கிலோதான். கீழே போய் மூச்சு சீரானதும் நான்கு கிலோ உபரியாக நிற்கும். அதைச் சமாளிக்க பி.சி.டி.யில் நான்கு லிட்டர் காற்று கூடுதலாக நிரப்புவீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் உள்ள அந்த நான்கு லிட்டர், மேற்பரப்புக்கு வரும்போது எட்டு லிட்டராக விரியும். விரிவதில் பாதிக்கு மேல் கடைசி ஐந்து மீட்டரில் நடக்கிறது. புதியவரின் விரல் பட்டனைத் தேடுவதற்குள் உடம்பு மேலே பறந்துவிடும். 'இறங்க முடியவில்லை' என்பதற்குப் போட்ட ஈயம், 'நிறுத்த முடியாமல் மேலே போய்விட்டேன்' என்று முடிவது இப்படித்தான்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க, டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, கால் தரையில் எட்டாத அமைதியான இடத்தில் சோதியுங்கள். ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். பி.சி.டி.யின் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். கணுக்கால்களைப் பின்னி, கையை ஆட்டாமல், சாதாரண அளவு மூச்சை இழுத்து ஒரு கணம் நில்லுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். நெஞ்சு வரை வெளியே தெரிந்தால் ஈயம் போதவில்லை. மூச்சு இழுத்தும் இறங்கினால் அதிகம். சோதனையை முழு சிலிண்டரோடு டைவின் தொடக்கத்திலேயே செய்ய நேர்ந்தால், வரும் விடையோடு 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 200 பாரிலிருந்து 50 பாருக்குள் நீங்கள் சுவாசித்துத் தீர்க்கும் காற்றின் எடை அது.

ஒரு முறைக்கு அரை கிலோவாக மாற்றுங்கள். உங்கள் உயரத்துப் பெண்ணின் நுரையீரல் முழு மூச்சில் கையாளக்கூடியது சுமார் மூன்று லிட்டர், ஓங்கிய ஆணுக்கு அது ஐந்துக்குப் பக்கம். மூச்சால் சரிசெய்துகொள்ளும் இடம் உங்களுக்குக் குறைவு என்பதால் ஒரு கிலோ பிசகு உங்களைத்தான் அதிகம் படுத்தும். அரை கிலோக் கட்டி எல்லா சென்டரிலும் வெளியே தெரியும்படி வைத்திருக்க மாட்டார்கள். கேளுங்கள்.

நீச்சல் குளத்தில் 2 கிலோ போதுமாக இருந்தது. கடலுக்கு 'எல்லோருக்கும் மூன்று கூட்டு' என்றார்கள். சரியா?
– வாசகர், மதுரை (48 கிலோ)

எல்லோருக்கும் அல்ல. கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி. நீங்களும் கருவிகளும் சேர்ந்த மொத்த எடையில் அந்த இரண்டரை சதவீதத்தைக் கூட்டினால் போதும். உங்களுக்கு 48 கிலோவும் கருவிகள் 24 கிலோவும் என்றால் மொத்தம் 72. கூட்ட வேண்டியது 1.8 கிலோ. அந்த மூன்று கிலோ, தொண்ணூறு கிலோ ஆளுக்குப் பொருந்தும். குளத்தில் அரைக்கால் சூட் போட்டுவிட்டுக் கடலில் முழு சூட் போடுகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அப்போது கண்மட்டச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போய் டைவ் செய்வது வழக்கம். எனக்குத் தேவை எக்ஸ்.எஸ். பி.சி.டி.; ஒவ்வொரு முறையும் 'எஸ்தான் இருக்கு, இறுக்கிக் கட்டிக்கோங்க' என்கிறார்கள். காற்று நிரப்பினால் ஜாக்கெட் காது வரை ஏறுகிறது. எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.
– வாசகி, சிங்கப்பூர்

இறுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. பெரிய ஜாக்கெட்டில் இரண்டு பக்கப் பைகளும் முன்னால் வந்து ஒன்றோடொன்று முட்டிவிட்டால், அதற்கு மேல் இடுப்புப்பட்டையை இழுத்து ஒரு பலனும் இல்லை. வெல்க்ரோ பட்டை சுற்றிக்கொண்டு போய், ஒட்ட வேண்டிய பகுதியைத் தாண்டி வெறும் துணியில் உட்கார்ந்தாலும் அதே கதைதான்: கட்டியது போலத் தெரியும், தண்ணீரில் கழன்றுவிடும்.

கரையிலேயே சோதித்துவிடலாம். டைவுக்குப் போடும் அதே சூட்டின் மேல் பி.சி.டி.யைப் போடுங்கள். எல்லாப் பட்டைகளையும் முதலில் தளர்த்தி, பிறகு தோள், இடுப்பு, கடைசியில் நெஞ்சுப்பட்டை என்ற வரிசையில் இறுக்குங்கள். உபரிக் காற்று தானாகச் சீறி வெளியேறும் வரை நிரப்புங்கள். அந்த நிலையில் ஆழ்ந்து மூச்சு வாங்க முடியாமல் நெஞ்சு நெரிந்தால் அது சின்னது, அல்லது நெஞ்சுப்பட்டை அதிகம் இறுகியது. அடுத்து, சிலிண்டரின் வால்வைப் பிடித்து யாராவது மெல்ல மேலே தூக்கட்டும். ஜாக்கெட்டோடு நீங்களும் சேர்ந்து எழும்ப வேண்டும். ஜாக்கெட் மட்டும் எழும்பி, தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விழுந்தால் அந்த சைஸ் உங்களுக்கு இல்லை. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு இன்ஃப்ளேட்டர், காற்று வெளியேற்றும் கயிறுகள், வெயிட் பாக்கெட்டின் பிடி எல்லாவற்றையும் கை தேடி எடுக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஜாக்கெட்டில் பின்பக்கக் கயிறு குட்டையான கைக்கு எட்டாத இடத்தில் போய் நிற்கும்.

எஸ்தான் கதி என்றால் சமாளிக்க ஒரு வழி உண்டு. ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் பட்டையால் ஆன கவட்டுப்பட்டை தனியாக விற்கிறது. பின்னால் பி.சி.டி.யின் அடியில் கட்டி, கால்களுக்கிடையே கொண்டுவந்து முன்னால் இடுப்புப்பட்டையில் மாட்டினால் ஜாக்கெட் மேலே ஏறாது. வெயிட் பெல்ட் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெல்ட் எப்போதும் கவட்டுப்பட்டைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால், அவசரத்தில் பக்கிளைத் திறந்தாலும் ஈயம் விழாமல் கவட்டில் தொங்கும்.

சூட் ஆழத்தில் நசுங்குவதால் படகில் இறுக்கிய இடுப்புப்பட்டை ஐந்தாறு மீட்டரில் தளரும். அங்கே ஒரு முறை நிறுத்தி மீண்டும் இழுத்துக் கட்டுங்கள்.

அடிக்கடி போகிறவர் என்பதால், சொந்தமாக வாங்க யோசித்தால் பெண்களுக்கான வெட்டில் வரும் எக்ஸ்.எஸ். அல்லது எக்ஸ்.எக்ஸ்.எஸ். பாருங்கள். முதுகு நீளம் குறைவு, தோள்பட்டை மார்பைச் சுற்றி வளைந்து வரும். முதுகில் மட்டும் காற்றுப்பை உள்ள மாடல் என்றால் முன்னால் முட்டிக்கொள்ளும் தொல்லையே இல்லை. ஜாக்கெட்டுக்குப் பதிலாக வரும் பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு) அதில் கோத்த ஒற்றைப் பட்டையும் எந்த உடம்புக்கும் வெட்டிப் பொருத்தலாம். ஆனால் வழக்கமான தகடு உங்கள் முதுகுக்கு நீளம், குட்டைத் தகடு கேளுங்கள். எஃகுத் தகடு மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். உங்களுக்கு வேண்டிய மொத்த ஈயமே மூன்றரை என்றால், பெரும்பகுதி கழற்ற முடியாத எடையாகப் போய்விடும். வெதுவெதுப்பான கடலுக்கு அலுமினியத் தகடே சரி. காற்று நிரப்பிய பி.சி.டி.யின் தூக்குசக்தி எத்தனை கிலோ என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். 3 மி.மீ. சூட்டும் ஒற்றை சிலிண்டருமாக இருக்கும் சின்ன உடம்புக்குப் பத்துக் கிலோவே தாராளம்.

எனக்கு உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். நிலாவெளிப் பக்கம்தான் டைவ் செய்யிறனான். தண்ணிக்குள்ள கிடையாய் இருக்க ஏலாமல் கால் கீழ போகுது. தலையை நிமிர்த்தினால் டாங்கியில இடிக்குது. சில நேரம் டாங்கி ஒரு பக்கம் புரட்டவும் பார்க்குது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருகோணமலை

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கால் இறங்குவதை முதலில் பார்ப்போம். இடுப்பில் ஈயம் கீழே இழுக்கிறது. அதை ஈடுகட்ட நிரப்பிய காற்று நெஞ்சுப் பக்கம் மேலே தூக்குகிறது. இரண்டும் சேர்ந்து உங்களை நிமிர்த்தி நிறுத்துகின்றன. ஈயம் கூடக்கூட இது மோசமாகும். ஆகவே கோவை வாசகிக்குச் சொன்ன சோதனையைச் செய்து உபரியைக் கழற்றுங்கள். பலருக்கு இதிலேயே பாதி சரியாகிவிடும். பிறகும் கால் இறங்கினால், இடுப்பில் உள்ளதில் ஒரு கிலோவை எடுத்து சிலிண்டரின் மேல் பட்டையில் கோத்த சின்னப் பாக்கெட்டில் வையுங்கள். மூன்று கிலோ மட்டுமே கட்டுகிறவருக்கு ஒரு கிலோ இடம் மாறுவது பெரிய மாற்றம். மாறாக டைவின் கடைசியில் பின்பக்கம் மேலே எழும்பினால் வியக்காதீர்கள். காலியாகும் அலுமினிய சிலிண்டரின் அடிப்பகுதி மிதக்கத் தொடங்குவதால் வருவது அது. அப்படியானவர் பாக்கெட்டைக் கீழ்ப் பட்டைக்கு மாற்ற வேண்டும்.

தலை இடிப்பதற்கு சிலிண்டரைப் பட்டைக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். சூட் போட்டு, மாஸ்க் மாட்டி, குப்புறப் படுத்த நிலையில் முன்னால் பார்க்கும் அளவுக்குத் தலை நிமிர வேண்டும். நின்றபடி சோதித்தால் இடிக்காது, தண்ணீரில் இடிக்கும். அதிகம் இறக்கினால் அடிப்பகுதி பிட்டத்துக்குக் கீழே போய்ப் படகில் உட்காரும்போது பலகையில் முட்டி, ஜாக்கெட்டை மேலே தள்ளும். 66 செ.மீ. நீள சிலிண்டருக்கும் குட்டை முதுகுக்கும் நடக்கும் தகராறு இது. அதே குறுக்களவுள்ள 9 லிட்டர் சிலிண்டர் பத்து சென்டிமீட்டர் போலக் குட்டை. கிடைத்தால் அதை எடுங்கள்.

புரட்டுவது பெரும்பாலும் பட்டை தளர்வதால். நைலான் பட்டை நனைந்தால் நீளும். கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துவிட்டு இறுக்குங்கள், பி.சி.டி.யின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி உலுக்கினால் சிலிண்டர் ஒரு விரல்கூட நழுவக் கூடாது. இன்னொரு காரணம், மூன்று கிலோவை ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று கட்டுவது. பருத்த உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளும், ஒல்லி உடம்பு சாயும். இரு பக்கமும் ஒவ்வொன்று, மூன்றாவதை நடுமுதுகில் சிலிண்டர் பட்டையில் வைத்துவிட்டால் தீர்ந்தது.

அந்தமானில் தண்ணீர் 28 டிகிரி என்றார்கள். இருந்தும் அரைமணி நேரத்தில் பல் கிட்டியது. 5 மி.மீ. சூட் வாங்கவா?
– வாசகி, திருச்சி

அவசரப்பட வேண்டாம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்பின் வெப்பத்தை உறிஞ்சும். உடம்பு சின்னதாக ஆக, ஒவ்வொரு கிலோவுக்கும் வெளியே தெரியும் தோல் அதிகம். ஆகவே உங்களுக்கு மற்றவர்களுக்கு முன்பே குளிர்வது இயல்பு. ஆனால் உங்கள் கடிதத்தில் 'வாடகை சூட், கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டேன்' என்று ஒரு வரி இருக்கிறது. விஷயம் அங்கேதான். தொளதொள சூட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே சூடான தண்ணீர் வெளியேறி, குளிர்ந்தது புகும். நடுமுதுகுக் குழிவு, அக்குள், கவடு, கழுத்து, மணிக்கட்டு ஆகிய ஐந்து இடங்களில் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து கையில் வந்தால் தண்ணீருக்கு அது வாசல். கழுத்து மட்டும் அளவுக்கு மேல் இறுகக் கூடாது. கழுத்து நாளத்தை அழுத்தினால் தலைசுற்றும்.

உடம்பில் ஒட்டி நிற்கும் 3 மி.மீ., தொளதொளத்த 5 மி.மீ.யை வெல்லும். ஐந்துக்குப் போனால் ஈயமும் ஒன்றரை, இரண்டு கிலோ கூடும். அதைச் சுமப்பதும் நீங்கள்தான். தலைமூடியோடு வரும் மெல்லிய உள் வெஸ்ட் ஒன்று போட்டுப் பாருங்கள். அதற்கு அரை கிலோ ஈயம் கூட்டினால் பெரும்பாலும் போதும்.

பழைய சூட்டுக்கு 3 கிலோ போதுமாக இருந்தது. அதே தடிமனில் புதுசு வாங்கினேன், மிதக்கிறேன். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. சூட்டின் ரப்பரான நியோபிரீனுக்குள் இருக்கும் நுண்குமிழிகள் டைவுக்கு டைவ் நசுங்கி, பழைய சூட் மெலிந்துபோகும். புதுசுக்கு அரை முதல் ஒரு கிலோ கூட்டுங்கள். பத்திருபது டைவ் கழித்துத் திரும்பச் சோதித்துக் குறையுங்கள்.

மாஸ்க்குக்குள் எப்போதும் தண்ணீர். எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது. மூக்குத்தி காரணமாக இருக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

மூக்குத்தி மாஸ்க்கின் மூக்குப் பைக்குள் அடங்கிவிடும் என்பதால் கசிவுக்கு அது நேரடிக் காரணமல்ல. ஆனால் காது அடைப்பை எடுக்க மூக்கைப் பிடித்து ஊதும்போது உள்திருகாணி குத்தும். வலிக்குப் பயந்து சரியாகப் பிடிக்காமல் விட்டால் காதுதான் பாதிக்கப்படும். தட்டையான மூக்குத்திக்கு மாறுங்கள், அல்லது அன்றைக்குக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் உண்மையான எதிரி அந்த இறுக்கம்தான். வாரை இழுக்க இழுக்க சிலிகான் விளிம்பு நெளிந்து, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இடைவெளி விடும். பொருந்தும் மாஸ்க்குக்கு வாரே தேவையில்லை: முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். பிறகு ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியைக் கவ்விக்கொண்டு அதே சோதனை. பல்லால் கவ்வும்போது கன்னம் குழிந்து மேலுதடு மாறும். கடையில் ஒட்டிய மாஸ்க் கடலில் கசிவது இதனால்தான். ஒடுங்கிய முகத்துக்குச் சட்டம் இல்லாத, உள்ளளவு குறைந்த சின்ன மாஸ்க் நல்லது. உள்ளே காற்றுவெளி குறைவு என்றால், புகுந்த தண்ணீரை ஒரே மூச்சில் வெளியேற்றலாம்.

தலைமுடிக்கு வருவோம். ஒற்றை முடி விளிம்புக்குள் சிக்கினாலும் கசியும். உச்சிக்கொண்டை போட்டால் வார் வழுக்கும், சிலிண்டர் வால்விலும் இடிக்கும். தாழ்வாக ஒரு பின்னல் போட்டு, வார் அதற்கு மேலே, காதுக்கு மேலாகப் போகட்டும். டைவுக்குப் போகும் நாளில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். நெற்றியில் வழிந்த எண்ணெய் மேல் சிலிகான் நிற்காது. அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், வேறு வழியில்லை.

46 கிலோ எனக்கு. எல்லாம் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கவே முடியவில்லை. சின்ன சிலிண்டர் கேட்டால் 'காத்து பத்தாது' என்கிறார்கள்.
– வாசகி, சென்னை

11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காற்றும் வால்வும் சேர்த்து 17 கிலோவுக்கு மேல். பி.சி.டி., ரெகுலேட்டர், ஈயம் எல்லாம் கூட்டினால் 26, 27 கிலோ, அதாவது உங்கள் எடையில் பாதிக்கும் மேல். எண்பது கிலோ ஆளின் முதுகில் 46 கிலோவை ஏற்றிவிட்டு நடக்கச் சொன்னால் அவரும் தள்ளாடத்தான் செய்வார்.

'பத்தாது' என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். சிறிய உடல்வாகுள்ள, பதற்றமில்லாத ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வையுங்கள். 10 மீட்டரில் அது 30. 9 லிட்டர் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 வரை பயன்படுத்தினால் 1,350 லிட்டர். முக்கால் மணி நேரம் வருகிறது. புதியவருக்கு அதற்கு மேல் டைவ் நீள்வதும் அரிது. கூட வருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆழம் அதிகமென்றால் திரும்பும் பார் அளவையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். 9 லிட்டரில் சுமை இரண்டரை கிலோ போலக் குறையும். எஃகு சிலிண்டர் கிடைக்கும் இடம் என்றால், அது காலியானாலும் மிதக்காது என்பதால் இடுப்பு ஈயத்தில் இரண்டு கிலோ வரை கழியும்.

அதைவிட முக்கியம், சுமையோடு நடக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. படகு விளிம்பில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு பின்பக்கமாக உருளுங்கள். முடிந்ததும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுங்கள். வரிசை பிசகக் கூடாது: முதலில் வெயிட் பெல்ட் அல்லது வெயிட் பாக்கெட்டுகள் மேலே போக வேண்டும், பிறகு காற்று நிரப்பிய பி.சி.டி., கடைசியில் ஏணியைப் பிடித்தபடி ஃபின். பெல்ட்டோடு பி.சி.டி.யைக் கழற்றினால் ஜாக்கெட் மிதக்கும், ஈயம் உங்களைக் கீழே இழுக்கும்.

மகளுக்குப் பத்து வயது, 29 கிலோ. ஸ்கூபா கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். வளரும் பிள்ளை என்பதால் எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பள்ளிச் சீருடைக்குச் செய்யும் சிக்கனத்தை இங்கே செய்யாதீர்கள். பெரிய மாஸ்க் கசியும், பெரிய சூட் குளிரும், பெரிய பி.சி.டி.யிலிருந்து பிள்ளை நழுவும். 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் பயிற்சி பத்து வயதில் தொடங்கலாம். 10, 11 வயதினருக்கு ஆழ எல்லை 12 மீட்டர், கூடவே பெற்றோரோ பாதுகாவலரோ பயிற்றுநரோ கட்டாயம். கூட வரும் பெற்றோரும் சான்றிதழ் பெற்ற டைவராக இருக்க வேண்டும்.

மாஸ்க், ஃபின், சூட் மூன்றையும் இன்றைய அளவுக்கு வாங்குங்கள். மற்றவை வாடகை போதும். 17 கிலோ சிலிண்டர் அவள் எடையில் பாதியைத் தாண்டுகிறது. 5.7 லிட்டர் போன்ற சின்ன சிலிண்டர் வைத்திருக்கும் சென்டரைத் தேடுங்கள். குழந்தை இடுப்பில் வளைவு இல்லாததால் வெயிட் பெல்ட் வழுக்கி முட்டிக்கு வந்துவிடும். சட்டெனக் கழற்றக்கூடிய பி.சி.டி. பாக்கெட்டோ, தோள்வார் உள்ள ஹார்னஸோதான் நல்லது. அரை கிலோவே அவளுக்குப் பெரிய மாற்றம் என்பதைப் பயிற்றுநருக்கு நினைவூட்டுங்கள். உதடு நீலம் பாய்ந்தால் அவள் 'இன்னும் கொஞ்சம்' என்று கெஞ்சினாலும் டைவ் அத்துடன் முடிந்தது.

டைவ் முடிந்தால் தாடை வலிக்கிறது, கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

தாடைக்கு: ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி உங்களுக்குப் பெரிது. சின்ன சைஸ் வாய்ப்பகுதி மலிவு. பழைய பிளாஸ்டிக் இழுகட்டை (ஜிப் டை) வெட்டி, புதியதைச் செருகி, புது இழுகட்டால் இறுக்குங்கள். இழுத்துப் பார்த்து உறுதி செய்யாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். மறுபாதிக் காரணம் குழாய் நீளம். குட்டைக் கைக்காரருக்கு வழக்கமான குழாய் வெளியே வில்லாக வளைந்து வாயைப் பக்கவாட்டில் இழுக்கும். குட்டைக் குழாயோ, வாயருகே சுழலும் மூட்டோ போட்டால் இழுப்பு நிற்கும். தொங்கும் அளவுமானியையும் ஒரு கிளிப்பால் நெஞ்சுப்பக்கம் மாட்டிவிடுங்கள், பவளத்தில் உரசாது.

காலுக்கு: விறைப்பான நீள ஃபின் நீள உதைக்கு. உங்களுக்குக் குட்டையான, வளையும் தகடு. பாதம் உள்ளே ஆடினால் விரல்களால் பிடித்து நிறுத்தப் பார்ப்பீர்கள், அதுவே தசைப்பிடிப்பு. மெல்லிய நியோபிரீன் சாக்ஸ் அந்த இடைவெளியை நிரப்பும். பிடித்துக்கொண்டால் முழங்காலை நீட்டி, ஃபின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள்.

எல்லாம் வாங்கக் காசு இல்லை. முதலில் எதை?
– வாசகர், புதுச்சேரி

மாஸ்க். பிறகு பூட்டியும் (ஃபின்னுக்குள் போடும் காலணி) ஃபின்னும், பிறகு சூட். பி.சி.டி. கடைசியில். வாடகை எடுப்பவர், முந்தின நாளே உயரம், எடை, கால் அளவு மூன்றையும் சென்டருக்குச் சொல்லி எக்ஸ்.எஸ். ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குப் படகடியில் கேட்டால், மிச்சம் இருப்பது எல்-தான்.